முத்தத்தைப் பாத்துட்டு ஓடிடாதீங்க

வியன்னாவுல மேல் பெல்வெடேர் அரண்மனை, முதல் மாடி. அந்த அறைக்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுறது ஓவியம் இல்ல. கை! தலைக்கு மேல தூக்கின கைகள், ஒவ்வொரு கையிலயும் ஒரு போன், ஒவ்வொரு போன் திரையிலயும் அதே தங்க ஜோடி.

குஸ்டாவ் கிளிம்ட்டோட ‘முத்தம்’. 180 சென்டிமீட்டருக்கு 180 சென்டிமீட்டர், துல்லியமான சதுரம். கூட்டத்துல பாதிப் பேர் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் நிக்கிறாங்க. (செல்ஃபி எடுக்கணும்னா வேற வழி?) எடுத்து முடிச்சதும், சரி பாத்தாச்சு, காபி எங்க கிடைக்கும்னு கிளம்பிடுறாங்க.

கடுப்பா இருக்கா இல்லையா?

ஓவியத்து மேல குத்தம் ஒண்ணும் இல்ல. அது நிஜமாவே அசத்தல்தான், அதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஆனா முந்நூறு வருஷ அரண்மனை ஒண்ணு அந்த ஒத்தைப் படத்துக்கு ஃபிரேம் மாதிரி ஆயிடுச்சு பாருங்க, அதுதான் ஆத்தாமை. ஏன்னா இந்த இடத்தோட கதையே வேற. ஒருத்தர் வந்து ஆசை ஆசையா நிரப்புவார், இன்னொருத்தர் வந்து மொத்தமா காலி பண்ணுவார். திரும்ப ஒருத்தர் நிரப்புவார். முந்நூறு வருஷமா இதே கூத்து.

முதல்ல நிரப்பினவர்ல இருந்து ஆரம்பிப்போம்.

சவாய் வம்சத்து இளவரசர் யூஜீன், 1663ல பாரிஸ்ல பொறந்தவர். அம்மா ஒலிம்பியா மன்சினி, பிரான்ஸையே ஆட்டிவச்ச கார்டினல் மசாரினோட சகோதரி மகள். பையன் குள்ளம், ஒல்லி, பாக்கவும் சுமார். வீட்டுல அவரைப் பாதிரியார் ஆக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அவருக்கோ பட்டாளத்து மேல பைத்தியம். நேரா பதினாலாம் லூயி ராஜாகிட்டயே போய் படையில ஒரு பதவி கேட்டார். முடியாதுன்னு சொல்லிட்டார் லூயி.

லூயி வாழ்க்கையிலயே ரொம்ப நஷ்டமான ‘முடியாது’ அதுவாத்தான் இருக்கணும்.

1683ல யூஜீன் பிரான்ஸை விட்டே ஓடினார். அப்ப அவருக்கு 19 வயசு. வியன்னாவை ஒட்டோமான் படை சுத்தி வளைச்சிருந்த நேரம் அது. ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் லியோபோல்ட் இவரைச் சேத்துக்கிட்டார். வியன்னாவை மீட்ட சண்டையில பையனும் இருந்தார். 1697ல செண்டா போர்ல ஒட்டோமான் படையை நொறுக்கினப்ப தளபதியே இவர்தான். 1704ல பிளென்ஹைம்ல ஆங்கிலத் தளபதி மார்ல்பரோவோட கைகோத்து நின்னு அடிச்சது யாரை? லூயியோட படையை!

செண்டாவுல ஜெயிச்ச அதே 1697ல நகர மதிலுக்கு வெளிய, சரிவா கிடந்த ஒரு நிலத்தை வாங்கிப் போட்டார். அந்தச் சரிவுதான் இன்னைக்குப் பெல்வெடேர்.

கட்டினவர் யோஹான் லூகாஸ் ஃபான் ஹில்டெபிராண்ட். யூஜீனோட இத்தாலியப் படையெடுப்புல ராணுவ இன்ஜினியரா இருந்தவர். போர்க்களத்துல பழக்கமான ஆளையே வீடு கட்டவும் கூப்பிட்டுக்கிட்டார். சரிவோட அடிவாரத்துல ஒண்ணு, உச்சியில ஒண்ணு, நடுவுல தோட்டம். கீழ் அரண்மனை 1716ல முடிஞ்சது. மேல் அரண்மனை வேலை 1717ல இருந்து 1723 வரைக்கும் நடந்தது. கீழ இருக்கிறது குடியிருக்க, மேல இருக்கிறது வந்தவங்க வாயைப் பிளக்க. அந்தப் பச்சைச் செம்புக் கூரைகளைப் பாத்தா ஒட்டோமான் தளபதிகளோட கூடாரம் மாதிரி இல்லையான்னு கைடுங்க கேப்பாங்க. (கேட்டப்புறம் அப்படித்தான் தெரியும். கேக்காம இருந்தா வெறும் கூரைதான்.)

தோட்டத்தை அமைச்சவர் டொமினிக் ஜிரார்ட். எங்க தொழில் பழகினார்னு நினைக்கிறீங்க? வெர்சாய்ல, லூயியோட அரண்மனையில! வேலை இல்லைன்னு துரத்தின ராஜாவோட தோட்டக்காரரையே கூட்டிட்டு வந்து தண்ணி விழுற படிகளும் நீரூத்துகளும் வெட்டி ஒதுக்கின வேலிச் செடிகளுமா போட்டுக்கிட்டார் யூஜீன். வீம்புன்னு யாரும் எழுதி வைக்கல. ஆனாலும் வீம்பு மாதிரி இல்ல?

மனுஷனுக்குத் தன்னடக்கம் உண்டான்னு கேட்டா, பெர்மோசர் செதுக்கின சிலையைத்தான் காட்டணும். பல்தசார் பெர்மோசர்னு டிரெஸ்டன்ல இருந்த பெரிய சிற்பி. 1718ல ஆரம்பிச்சு 1721ல முடிச்ச பளிங்குச் சிலை, யூஜீனைத் தெய்வமாவே ஆக்குற மாதிரி. ஹெர்குலிஸ் கணக்கா சிங்கத்தோலும் கதையும். காலுக்குக் கீழ தோத்துப்போன எதிரி. பக்கத்துல புகழ் தேவதை எக்காளம் ஊதுறா. யூஜீன் என்ன பண்றார்? கையை நீட்டி எக்காளத்தோட வாயைப் பொத்துறார்! போதும்மா, என்னை ரொம்பப் புகழாதேங்கிற பாவனை. அதையும் ஆர்டர் குடுத்துப் பளிங்குல செதுக்கி, தன் அரண்மனையிலயே வச்சுக்கிட்டார். தன்னடக்கத்துக்கு இதைவிட ஆடம்பரமா யாரும் செலவு பண்ணியிருக்க மாட்டாங்க.

மேல் அரண்மனைக்குள்ள போனா தரைத்தளத்துல சாலா டெர்ரேனான்னு ஒரு கூடம். எல்லாரும் மாடிக்கு ஓடுற அவசரத்துல அப்படியே தாண்டிடுவாங்க. அங்க நாலு ராட்சச ஆம்பளைங்க கூரையைத் தாங்கிக்கிட்டு நிக்கிறாங்க. வெள்ளை வெளேர்னு, தசையெல்லாம் முறுக்கி, குனிஞ்ச கழுத்தும் மடங்கின தோளுமா. லொரென்சோ மட்டியெல்லி கைவேலை. பரோக் அரண்மனைன்னா இந்த மாதிரி அலங்காரம் சகஜம்தானேன்னு தோணும். இல்லீங்க. முதல்ல கட்டினப்ப நடுவுல தூணே கிடையாது, அகலமா திறந்த கூடம். 1732–33 குளிர்காலத்துல கூரை இறங்கிடும் போல ஆயிடுச்சு. ஹில்டெபிராண்ட் பதறிப்போய் புதுசா வளைவுக் கூரை போட்டு, முட்டுக்கு இந்த நாலு பேரை நிறுத்தினார். அவங்க முகத்துல தெரியுற கஷ்டம் நடிப்பு இல்ல. நிஜமாவே பாரம் ஏத்தியிருக்கு.

கொஞ்சம் நின்னு, அந்தத் தோள்பட்டை கூரையைத் தொடுற இடத்தைப் பாருங்க. முட்டுக்கொடுக்க வந்த தூண்னு சொன்னா நம்ப முடியாது. இன்னைக்கு இதே பிரச்சினைன்னா நாலு இரும்புக் கம்பத்தை நட்டு பெயின்ட் அடிச்சுட்டுப் போயிடுவோம்.

யூஜீன் 1736ல செத்துப்போனார். கல்யாணம் இல்ல, குழந்தை இல்ல, உயிலும் இல்ல. ஐரோப்பாவோட பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தர் உயில் எழுதாம போனா என்ன ஆகும்? சொத்து மொத்தமும் விக்டோரியான்னு ஒரு அண்ணன் மகளுக்குப் போச்சு. அந்தம்மா துளிகூட தயங்கல. வித்துத் தள்ளிட்டாங்க. ஓவியங்கள் டூரினுக்குப் போச்சு. நிறையப் படங்கள் இன்னும் அங்க சபாவுதா கேலரியில இருக்கு. 15,000 புஸ்தகம் பேரரசர் ஆறாம் சார்ல்ஸுக்கு. அது வியன்னாவுலயே, தேசிய நூலகத்தோட பெரிய மண்டபத்துல பத்திரமா இருக்கு. கடைசியா 1752ல கட்டடங்களையும் தோட்டத்தையும் மகாராணி மரியா தெரசா வாங்கினாங்க.

வாங்கினாங்களே தவிர அங்க குடிபோகல. 1770ல ஒரு பெரிய முகமூடி விருந்து நடத்தினாங்க, அவ்வளவுதான். மகள் மரீ அன்துவானெத்தை பிரான்ஸ் இளவரசருக்குக் கட்டிக் குடுக்கிற கொண்டாட்டம். பொண்ணுக்கு 14 வயசு. அழைப்பு போனது 16,000 பேருக்கு! (நம்ம ஊர் அரசியல்வாதி வீட்டுக் கல்யாணத்தை மறந்துடுங்க.)

அவங்க மகன் இரண்டாம் ஜோசப் பண்ணினதுதான் உருப்படியான வேலை. அரச குடும்பத்து ஓவியங்களை எல்லாம் மேல் பெல்வெடேருக்குக் கொண்டுவந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். கிறிஸ்டியான் ஃபான் மெஷெல்ங்கிறவர் 1781ல அதை ஒழுங்கு பண்ணி முடிச்சார். அதுக்கு முன்னாடி எல்லாம் அரண்மனையில படம் மாட்டுறதுன்னா சுவர் நிறைஞ்சா சரி, அளவு பொருந்தினா சரி. மெஷெல் நாடுவாரியா, காலவாரியா பிரிச்சு மாட்டினார். இத்தாலிக்காரங்க இங்க, ஃபிளாண்டர்ஸ்காரங்க அங்க, பழசு முதல்ல, புதுசு அப்புறம். இன்னைக்கு எந்த மியூசியத்துக்குப் போனாலும் இதுதானே வழக்கம்? அப்ப அது புதுசு. பாரிஸ்ல லூவர் மியூசியமா திறந்ததே 1793லதான்.

சரி, நிரப்பியாச்சா? 1891ல திரும்பக் காலி. ரிங் சாலையில புதுசா கட்டின கலை வரலாற்று மியூசியத்துக்கு மொத்தப் படமும் போயிடுச்சு.

அப்புறம் ரெண்டு குடித்தனக்காரங்க. ஒருத்தர் இசையமைப்பாளர் அன்டோன் புருக்னர். வயசாகி மாடி ஏற முடியலைன்னு பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் 1895ல மேல் பெல்வெடேர் பக்கத்து சின்ன வீட்டை வாடகை இல்லாம குடுத்தார். அங்கதான் ஒன்பதாவது சிம்ஃபனியோட கடைசிப் பகுதியை எழுதிக்கிட்டே இருந்தார். முடிக்கல. 1896 அக்டோபர்ல அங்கயே போய்ட்டார். இன்னொருத்தர் பட்டத்து வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1914ல சரயேவோவுல சுடப்படுற வரைக்கும் மேல் பெல்வெடேர்தான் அவரோட வியன்னா வீடு.

ஃபெர்டினாண்டுக்கு நவீன ஓவியம்னாலே ஆகாது. பாருங்க விதியை, அவர் மேல குடியிருக்கும்போதே, 1903ல, கீழ் பெல்வெடேர்ல நவீன ஓவியங்களுக்குன்னு அரசு மியூசியம் திறந்துட்டாங்க! கிளிம்ட்டும் அவர் கூட்டாளிகளும் அரசாங்கத்தை நச்சரிச்சு வாங்கின மியூசியம் அது. இன்னைக்கு நம்ம டிக்கெட் வாங்கிப் பாக்கிற பெல்வெடேர் மியூசியத்தோட ஆரம்பம் அங்கதான்.

இப்ப ‘முத்தத்துக்கு’ வரலாம்.

1908ல ஒரு கண்காட்சியில வச்சப்ப படம் முழுசா முடியவே இல்ல. இருந்தாலும் அரசாங்கம் 25,000 குரோனுக்கு வாங்கிப்போட்டது. அப்ப அது பயங்கர விலை. கிளிம்ட்டோட அப்பா தங்கத்துல சித்திரம் செதுக்குறவர். கிளிம்ட்டும் 1903ல இத்தாலியில ராவென்னாவுக்குப் போய் பழைய தேவாலயங்களோட தங்க மொசைக்கைப் பாத்துட்டு வந்தார். தங்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுதுல்ல? கிட்டப் போய்ப் பாத்தா ஆணோட அங்கியில கறுப்பும் வெள்ளையுமா கட்டங்கள், பெண்ணோட உடையில வண்ண வட்டங்கள், பூக்கள். கூட்டத்துல யாரும் கவனிக்காத இடம் கீழ் வலது ஓரம். அவ மண்டி போட்டிருக்கா, கால் விரல்கள் பூமேட்டோட விளிம்பைத் தாண்டி மடங்கி இருக்கு. அதுக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் இல்ல, வெறும் தங்கப்பொடி வெளி. விழுந்துடுவாளோன்னு ஒரு சின்ன பதட்டம் அந்த விரல்ல இருக்கு. போஸ்டர்லயும் குடையிலயும் காபி கப்புலயும் அந்த ஓரத்தைத்தான் முதல்ல வெட்டி விடுறாங்க!

கப்போட நின்னா பரவாயில்ல. 2022 காதலர் தினத்துக்கு மியூசியமே இந்தப் படத்தை டிஜிட்டலா 10,000 துண்டாக்கி, என்எஃப்டின்னு ஒரு துண்டு 1,850 யூரோவுக்கு விக்க வச்சது. பத்தாயிரத்துல ஒரு சதுரம். வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்கு முத்தம் கிடைச்சது, எத்தனை பேருக்கு வெறும் பழுப்புப் பின்னணி கிடைச்சதோ!

அந்த அறையை விட்டு வெளிய வந்தீங்கன்னா தேடிப்போக வேண்டியது மெஸ்ஸர்ஷ்மிட்டோட தலைகளை. ஃபிரான்ஸ் சேவர் மெஸ்ஸர்ஷ்மிட், மரியா தெரசா காலத்துச் சிற்பி. அரச குடும்பத்துக்கே சிலை வடிச்ச ஆளு. 1774ல பேராசிரியர் பதவி அவருக்குத்தான் வந்திருக்கணும். மூளை குழம்பியிருக்குன்னு சொல்லித் தட்டிக் கழிச்சுட்டாங்க. மனுஷன் ஊரை விட்டுப் போய், கடைசியில இன்னைக்கு பிராட்டிஸ்லாவான்னு சொல்ற ஊர்ல ஒதுங்கிட்டார். அங்க உக்காந்து தலையா செஞ்சு தள்ளினார். எல்லாம் கோணல் முகம். பல்லைக் கடிக்குது ஒண்ணு, கண்ணை இறுக்கி மூடுது ஒண்ணு, உதடே தெரியாத அளவுக்கு வாயை உள்ள இழுத்துக்குது இன்னொண்ணு.

1781ல அவரைப் போய்ப் பாத்த ஃபிரெட்ரிஷ் நிக்கோலாய்னு ஒரு எழுத்தாளர் விவரமா எழுதி வச்சிருக்கார். ராத்திரி ஆவிங்க வந்து தன்னை வதைக்குதுன்னு நம்பினாராம் சிற்பி. உடம்போட அளவு விகித ரகசியத்தைக் கண்டுபிடிச்சுட்டதால அந்த விகிதத்துக்கான ஆவிக்கே தன் மேல பொறாமையாம்! அதை அடக்க விலாவுல தன்னைத்தானே கிள்ளிக்குவார், கண்ணாடியில முகம் கோணுறதைப் பாப்பார், அப்படியே தலையா வடிப்பார்.

1783ல செத்தப்ப அவர் பட்டறையில 69 தலை இருந்துச்சு. அதுங்களுக்குப் பேரு வச்சது அவர் இல்ல. பத்து வருஷம் கழிச்சு, 1793ல, கண்காட்சி நடத்தினவங்க யாரோ இஷ்டத்துக்குப் பேரு ஒட்டிட்டாங்க. ‘மகா அயோக்கியன்’, ‘மலச்சிக்கல்காரர்’… நிஜமாத்தான். ஒரு மனுஷன் ஆவியோட மல்லுக்கட்டி வடிச்ச முகத்துக்கு மலச்சிக்கல்னு லேபிள். பெல்வெடேர்ல ஒரு டஜனுக்கு மேல தலைகள் இருக்கு. மொத்த மியூசியத்துலயும் நின்னு பாக்க வேண்டியது எதுன்னு கேட்டா, முத்தத்துக்கு முன்னாடி இதைத்தான் சொல்லணும். இங்க செல்ஃபி எடுத்தா கூட தப்பில்ல. பக்கத்துல அதே மாதிரி முகத்தைக் கோணிக்கிட்டு எடுங்க.

ஓவியர் எகான் ஷீலே வரைஞ்ச அவர் மனைவி எடித் படத்தையும் விட்டுடாதீங்க. 1918. ஷீலே முதல்ல வரைஞ்சப்ப கட்டம் போட்ட கலர் கலர் பாவாடை. மியூசியம் டைரக்டர் ஹாபர்டிட்சுலுக்கு அந்தப் பாவாடை அதிகப்படின்னு பட்டுது. மாத்திக் குடுங்க, வாங்கிக்கிறோம்னார். ஷீலே அடக்கமான நிறத்துல அதுக்கு மேலயே பூசிக் குடுத்துட்டார். படம் மியூசியத்துக்கு வந்துடுச்சு. ஊரையே அதிர வச்ச கலகக்காரர், அரசாங்க பில் பாஸாகணும்னா பாவாடையை மாத்தத்தான் செய்றார்.

இதே மியூசியத்துல இருந்து போன படம் ஒண்ணும் இருக்கு: ‘அடேல் பிளோக்-பவர் I’, கிளிம்ட் 1907ல வரைஞ்சது. அடேல் யூதக் குடும்பத்துப் பெண். 1925ல இறந்துட்டாங்க. என் கணவர் காலத்துக்கு அப்புறம் படங்களை மியூசியத்துக்குக் குடுத்துடுங்கன்னு உயில்ல ஒரு வேண்டுகோள். ஆனா 1938ல நாஜிகள் வந்தாங்க. கணவர் ஃபெர்டினாண்ட் உயிர் தப்பி ஓடினார், சொத்தைப் பறிச்சுட்டாங்க, படம் மியூசியத்துக்கு வந்து சேந்தது. 1945ல செத்துப்போறதுக்கு முன்னாடி அவர் தன் உயில்ல சொத்தை அண்ணன் பிள்ளைகளுக்கு எழுதி வச்சார்.

போருக்கு அப்புறமும் பல வருஷம் ஆஸ்திரியா அடேலோட உயிலைக் காட்டியே படத்தை வச்சுக்கிச்சு. அந்த வாரிசுகள்ல ஒருத்தரான மரியா ஆல்ட்மன் லாஸ் ஏஞ்சலிஸ்ல இருந்தாங்க. ஆஸ்திரியா மேல அமெரிக்காவுலயே கேஸ் போட்டாங்க. அப்படிப் போடலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004ல சொல்லிடுச்சு. அப்ப அவங்களுக்கு வயசு 88! வக்கீல் ராண்டால் ஷோன்பெர்க், இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கோட பேரன். 2006 ஜனவரியில வியன்னாவுல மூணு நடுவர்கள் குடுத்த தீர்ப்புல அஞ்சு கிளிம்ட் ஓவியங்கள் குடும்பத்துக்குத் திரும்பிச்சு. அடேல் படத்தை ரொனால்ட் லாடர் 13.5 கோடி டாலருக்கு வாங்கினார். இப்ப நியூயார்க்ல நோயே கேலரியில இருக்கு. வியன்னாவுல சிலர் தேசிய சொத்து போச்சேன்னு புலம்பினாங்க. பறிச்ச பொருளுக்கு என்ன புலம்பல்?

இந்த அரண்மனை நாஜிகளுக்குத் தோதாவும் இருந்துச்சு. 1938 நவம்பர்ல ஜெர்மனியோட வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் இத்தாலியோட சியானோவும் இங்க உக்காந்துதான் செக்கோஸ்லோவாக்கியாவோட ஒரு பகுதியைப் பிச்சு ஹங்கேரிக்குக் குடுத்தாங்க. 1941 மார்ச்ல பல்கேரியாவும் யூகோஸ்லாவியாவும் ஹிட்லர் கூட்டணியில கையெழுத்துப் போட்டதும் இங்கதான்.

அதே மேல் பெல்வெடேர்ல, செம்பழுப்புப் பளிங்கு போட்ட மண்டபத்துல, 1955 மே 15ல சோவியத், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர்கள் மோலோடோவ், டல்லஸ், மேக்மில்லன், பினே நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, போருக்கு அப்புறம் பிடிச்சு வச்சிருந்த ஆஸ்திரியாவை விட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்தாங்க. ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் ஃபிகல், ஆஸ்திரியாவுக்குச் சுதந்திரம்னு அறிவிச்சார். பால்கனியில நின்னு கூட்டத்தைப் பாத்துச் சொன்னதாத்தான் அந்த ஊர்ல பல பேர் நினைவுல இருக்கு. உண்மையில அதை மண்டபத்துக்கு உள்ளயே சொல்லிட்டார். பால்கனியில ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டின காட்சி மேல செய்திப்படக்காரங்க அந்தக் குரலை ஒட்டிட்டாங்க! ‘முத்தம்’ இருக்கிற அதே மாடிதான் இந்த மண்டபம். ஆனா கூட்டம் இதை நடைபாதையா நினைச்சுத் தாண்டிப் போயிடுது.

போகப்போறவங்களுக்கு யோசனை ஒண்ணே ஒண்ணு. ரயில் நிலையத்துல இறங்கி நேரா மேல் வாசல் வழியா நுழையாதீங்க. 71ஆம் நம்பர் டிராம்ல வந்து கீழ் பெல்வெடேர்ல இறங்கி, தோட்டம் வழியா மெதுவா ஏறுங்க. தோட்டத்துக்குக் காசு கிடையாது. ஸ்பிங்க்ஸ் சிலைகளைத் தாண்டி உச்சிக்குப் போய்த் திரும்பினா, தோட்டம், கீழ் அரண்மனை, ஸ்டெஃபான் தேவாலய கோபுரம், நகரத்துக்குப் பின்னாடி குன்றுகள் எல்லாம் வரிசையா தெரியும். பெர்னார்டோ பெல்லொட்டோ கிட்டத்தட்ட இதே இடத்துல இருந்து பாத்த காட்சியைத்தான் 1760 வாக்குல வரைஞ்சார். கீழ ஹோய்மார்க்ட் பக்கம் உயரமா கோபுரக் கட்டடம் ஒண்ணு கட்டப் போறாங்கன்னதும், இந்தக் காட்சியை முன்வச்சுப் பெரிய சண்டையே நடந்தது. 2017ல யுனெஸ்கோ வியன்னாவோட பழைய நகரத்தை ஆபத்துல இருக்கிற பாரம்பரியங்கள் பட்டியல்ல சேத்துடுச்சு.

பெல்லொட்டோ ஓவியத்தை மேல போய்ப் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. அது இங்க இல்ல. ரிங் சாலை மியூசியத்துல இருக்கு. அதுக்குத் தனி டிக்கெட்.